அடிபட்ட உடலுக்கு ஓய்வு எவ்வளவு?

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியிடமும், கனமான பெட்டியைத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்ட அண்ணனிடமும் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது ஒன்றுதான்: "அசையாமல் படுங்கள்." அன்பினால் எழும் சொல் அது. அன்று முதல் கஞ்சியும் கட்டிலுக்கே வந்துவிடும். தண்ணீர்ச் செம்பும் தலைமாட்டுக்கு வந்துவிடும். இந்தப் படுக்கை எந்த அளவுக்கு மருந்தாகிறது, எங்கிருந்து தீங்காகத் தொடங்குகிறது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

அசையாமல் கிடக்கவேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை. மேல்நாட்டு மருத்துவமும் நெடுங்காலம் அதையே சொல்லிற்று. ஹியூ ஓவன் தாமஸ் என்பவர் 1834 முதல் 1891 வரை வாழ்ந்த மருத்துவர். தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்து, லிவர்பூல் துறைமுகத்து ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நோயுற்ற மூட்டுக்கும் முறிந்த எலும்புக்கும் இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக அவர் அமைத்த இரும்புச் சட்டத்தை, அவருடைய உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் பரவலாகப் பயன்படுத்தச் செய்தார். குண்டடி பட்டுத் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் பலர் அந்தச் சட்டத்தால் உயிர் பிழைத்தார்கள். முறிந்த எலும்பின் இரு முனைகளும் ஒன்றோடொன்று உராயாமல் நிற்கவேண்டும் என்பதில் இன்றைக்கும் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் அதே காலத்தில் பிரான்சு நாட்டில் லூக்கா ஷம்பியோனியேர் என்ற அறுவை மருத்துவர் நேர்மாறாகச் சொன்னார். முறிவு கண்ட உறுப்பையும் மெல்ல அசைத்து, பிடித்துவிட வேண்டும் என்று 1895-இல் புத்தகமே எழுதினார். இருவரும் அனுபவசாலிகள். இருவருக்கும் குணமான நோயாளிகள் இருந்தார்கள். யார் சொல்வது சரி என்று எப்படி முடிவு செய்வது?

வாதத்தினால் முடியாது. ஏனென்றால் முதுகு வலி போன்றவை பெரும்பாலும் தாமாகவே குறையக்கூடியவை. குறைகிற நேரத்தில் நாம் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்கே புகழ் போய்ச் சேரும். சின்சேயிடம் போனவர் சின்சேயைப் புகழ்வார். எண்ணெய் தேய்த்துப் பிடித்துக்கொண்டவர் எண்ணெயைப் புகழ்வார். படுத்துக் கிடந்தவர் படுக்கையைப் புகழ்வார். இந்த மயக்கத்தை நீக்கத்தான் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒரே வகையான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்துவிடுவது. ஒரு பிரிவினருக்கு ஒரு முறை, மற்றப் பிரிவினருக்கு வேறு முறை. பிறகு பல வாரங்கள் கழித்து இருவர் நிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. மருத்துவர் விருப்பப்படி ஆளைப் பொறுக்கி எடுக்க இதில் இடமில்லை.

அப்படி ஓர் ஆய்வு 1986-இல் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் நடந்ததாக வெளிவந்தது. முதுகு வலியோடு வந்த 203 பேரில் ஒரு பாதியினரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள். மற்றவர்களை 7 நாள். குணமடைவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் 2 நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாமல் இழந்த நாட்கள் மிகவும் குறைவு. நாட்கூலிக்காரர் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள்!

சரி, 2 நாளாவது வேண்டுமா? அதையும் கேட்டார்கள், பின்லாந்து நாட்டினர். ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை. ஒரு பிரிவினருக்கு முதுகை வளைக்கும் பயிற்சிகள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமே இல்லை. வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 1995-இல் முடிவு வெளியாயிற்று. 3 வாரம் கழித்தும் 12 வாரம் கழித்தும் நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்த மூன்றாம் பிரிவினரே. மிகவும் மெதுவாகத் தேறியவர்கள் படுத்துக் கிடந்தவர்கள். பயிற்சி செய்தவர்களும் இரண்டாம் இடத்துக்குத்தான் வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வலி புதிதாக இருக்கும்போது உடம்பை வருத்திப் பயிற்சி செய்யவேண்டியதில்லை. எழுந்து, நடந்து, சமைத்து, கடைக்குப் போய் வந்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதுகு வலியோடு கால் பலவீனப்பட்டால், சிறுநீர் போவது தடைப்பட்டால், இரண்டு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போனால், காய்ச்சல் கண்டால், அல்லது பலமாக விழுந்த பிறகு வலி வந்திருந்தால், வானொலியில் கேட்டோமே என்று நடந்து பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படுக்கை ஏன் தீங்கு செய்கிறது? 1966-இல் டல்லஸ் நகரில், நல்ல உடற்கட்டுள்ள 20 வயது இளைஞர்கள் ஐவரைச் சுமார் மூன்று வாரம் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள். எழுந்தபோது, கடுமையாக உழைக்கும் வேளையில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களுடைய ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இதைவிட வியப்பு பின்னால் வந்தது. 30 ஆண்டு கழித்து, அதே ஐவரையும் ஐம்பது வயதில் தேடிப் பிடித்து மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகமாக இருந்ததாம்! இருபது வயது வாலிபனுக்கே இந்தக் கதி என்றால், எண்பது வயதுப் பாட்டிக்கு என்ன ஆகும்? தசை கரைகிறது. காலில் இரத்தம் உறைகிறது. நெஞ்சில் சளி தேங்கி நிமோனியாவாகிறது. முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வருகிறது. சித்தமும் கலங்குகிறது.

ஆகவேதான் இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிவை மருத்துவர்கள் இவ்வளவு அவசரமாகக் கருதுகிறார்கள். நம் பக்கத்தில் இது அரிதான விபத்து அன்று. 1997-ஆம் ஆண்டு மருத்துவமனைக் கணக்குகளை வைத்து ஆசிய நாடுகள் நான்கில் எடுத்த ஆய்வின்படி, 50 வயதைக் கடந்த பெண்களில் இலட்சத்துக்கு 442 பேர் சிங்கப்பூரிலும், 218 பேர் மலேசியாவிலும் ஓராண்டில் இந்த முறிவுக்கு ஆளானார்கள். முன்னெல்லாம் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, வாரக் கணக்கில் படுக்கவைப்பார்கள். எலும்பு சேருமுன்னே பலர் படுக்கையின் பிணிகளால் மாண்டார்கள். 1931-இல் பாஸ்டன் நகரத்து ஸ்மித் பீட்டர்சன், மூன்று விளிம்புள்ள உலோக ஆணியால் முறிவைப் பிணைக்கும் முறையை வெளியிட்டார். தாமஸ் கேட்ட அசையாமை எலும்புக்குக் கிடைத்தது. ஷம்பியோனியேர் கேட்ட அசைவு நோயாளிக்குக் கிடைத்தது.

அறுவையை எவ்வளவு விரைவாகச் செய்யவேண்டும்? கனடா நாட்டவர் தலைமையில், 17 நாடுகளில் 69 மருத்துவமனைகளில் 2,970 நோயாளிகளைக் கொண்டு இதை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குச் சுமார் 6 மணி நேரத்தில் அறுவை. மற்றவர்களுக்குச் சுமார் 24 மணி நேரத்தில். 90 நாட்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 9, நூற்றுக்கு 10. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முந்தி அறுவை செய்துகொண்டவர்களில் சித்தம் கலங்கியவர்கள் குறைவு. அவர்கள் முந்தி எழுந்து நின்றார்கள். முந்தி வீடு திரும்பினார்கள். சில மணி நேரத் தாமதத்துக்காக மனம் பதற வேண்டியதில்லை என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். பதறவேண்டியது வேறொன்றுக்கு. "இந்த வயதில் கத்தி வைக்கவேண்டுமா?" என்று குடும்பத்தார் கூடிப் பேசிப் பேசி நாட்களைக் கடத்துகிறார்களே, அதற்குத்தான். கத்திக்கு அபாயம் உண்டு, மறுக்கவில்லை. கட்டிலுக்கும் அபாயம் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

விழுந்த பாட்டியை எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள். காலை உருவிவிட ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அறுவை முடிந்த மறுநாளே பிசியோதெரபி ஊழியர் வந்து நிற்கச் சொன்னால், "ஐயோ, பாவம், இன்றைக்கு விட்டுவிடுங்கள்" என்று குறுக்கே நிற்காதீர்கள். மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, அந்த ஆணியும் தகடும் எடையைத் தாங்குவதற்கென்றே வைக்கப்பட்டவை.

வீட்டுக்கு வந்த பிறகு தாழ்ந்த சோபாவில் உட்காரவைக்காமல், கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியைக் கொடுங்கள். கஞ்சியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் மேசையில் வையுங்கள். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வரட்டும். குளியலறைத் தரையைத் துடைத்து வையுங்கள். சுவரில் பிடிகம்பி பொருத்துங்கள். தரைவிரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். கூட வருபவர் ஏறும்போது பின்னாலும், இறங்கும்போது ஒருபடி கீழே முன்னாலும் இருக்கவேண்டும்.