லேஸ் என்றொரு சொல்

ஷூவில் கட்டும் நாடாவும் லேஸ். பாவாடை ஓரத்தில் தைப்பதும் லேஸ். நெக்லஸுக்குள்ளும் அந்த லேஸ்தான். பானத்தில் மதுவோ விஷமோ கலந்தாலும் ஆங்கிலத்தில் 'லேஸ்டு' என்பார்கள். இறுக்கிக் கட்டிய கச்சையை வைத்து, கறாரான ஆசாரக்காரரை 'ஸ்ட்ரெய்ட்லேஸ்டு' என்றார்கள். எல்லாவற்றுக்கும் மூலம் 'லாக்வியஸ்' என்ற லத்தீன் சொல். பொருள், சுருக்குக் கயிறு. மாடு பிடிக்கும் 'லாஸோ'வும் அந்த வழி வந்ததுதான்.

நம் நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். அந்தக் கூலியைச் சேர்த்து, விலைகொடுத்து விடுதலை வாங்கியவர்கள் உண்டு. சுருக்கு என்று பிறந்த சொல், அவர்களுடைய கட்டை அவிழ்த்தது. பாட்டி காலத்து லேஸ் பீரோவில் இருந்தால், பேரப்பிள்ளைகளிடம் காட்டி இதைச் சொல்லுங்கள்.