பசித்த பிள்ளைகளும் ஒரு பந்தாட்டக் கழகமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாப்பும் அணியும் ஓதுவிக்கும் தமிழ்ப் பண்டிதன் காற்பந்தைப் பற்றிப் பேச எழுந்தது கண்டு முன்வரிசையில் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. செய்க, யான் வருந்தேன். இப்பொருளை எடுத்தற்குக் காரணம் உண்டு. சென்ற நிர்வாக சபைக் கூட்டத்தில் நம் இளைஞர் சிலர், சங்கத்தின் பெயரால் ஒரு காற்பந்தாட்டக் குழு அமைத்தல் வேண்டுமென விண்ணப்பம் செய்தனர். அதன்மேல் இரண்டு வினாக்கள் எழுந்தன. நம் மாணவர் விடுதியின் அரிசிக்கே வீடு வீடாக நன்கொடை திரட்டும்போது பந்துக்குப் பணம் ஏது என்பது ஒன்று. நம்மவரல்லாத பிள்ளைகளை அக்குழுவிற் சேர்க்கலாமா என்பது மற்றொன்று. சொற்போர் மிகுந்து, முடிவு காணாமலே அன்று கலைந்தோம்.

இவ்விரு வினாக்களையும் நூறாண்டுகட்கு முன்னரே எதிர்ப்பட்டு விடை தேடிய கழகம் ஒன்று ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ மாநகரில் உளது. செல்டிக் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றை உள்ளவாறு கூறுவேன்.

ஐர்லாந்து நாட்டில் 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்தது. அக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்களில் ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர்; வேறும் பத்து இலக்கம் பேர் நாடு துறந்து கடல் கடந்தனர். அவருட் பலர் கிளாஸ்கோவிற் குடியேறினர். நெசவாலை, நிலக்கரிச் சுரங்கம், கப்பல் கட்டுந்துறை எனக் கிடைத்த கூலி வேலைகளைச் செய்து, நகரின் கீழ்ப்பகுதியில் ஓரறையில் ஒரு குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். அவர்கள் கத்தோலிக்கர், ஊராரிற் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு மதத்தினர். வந்தேறிகள் என்ற ஏளனமும் சமயப் பகையும் ஒருங்கே அவர்களைச் சூழ்ந்தன. ஊர்விட்டு ஊர் சென்று பிழைத்த குடும்பங்கள் இச்சபையிலும் உள; அவர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

அப்பகுதியிலிருந்த திருஇருதயப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராய் இருந்தவர் வால்பிரிட் என்னும் துறவி. இவர் ஐர்லாந்திற் சிலைகோ நாட்டுப் பாலிமோட்டு என்னும் ஊரில் 1840இற் பிறந்தவர்; இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். மாரிஸ்ட் சகோதரர் சபையிற் சேர்ந்தவர். பசியோடு வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் அறிவர். யானும் முதல் மணியிலேயே கண் செருகும் மாணவரைக் கண்டிருக்கிறேன். அவரைக் கடிந்த பின்னரே காரணம் அறிந்து நாணியிருக்கிறேன். வால்பிரிட் தம் பள்ளியில் ஒரு பென்னிக்குப் பகலுணவு அளிக்க ஏற்பாடு செய்தார். வீட்டிலிருந்து ரொட்டி கொணரும் பிள்ளைக்கு அரைப் பென்னிக்குப் பெருங்கிண்ணம் கஞ்சி. அதுவும் இல்லாதார்க்கு இலவசம். சோறு கிடைக்கும் வேறு இடங்களுக்குச் சென்றால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது.

இவ்வறத்திற்குப் பணம் வேண்டுமே! எடின்பரோ நகரில் ஐரிஷ் மக்கள் 1875இல் ஹைபர்னியன் என்ற காற்பந்துக் கழகத்தை நிறுவியிருந்தனர். அது 1887இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. வென்றவர்க்குக் கிளாஸ்கோவில் செயிண்ட் மேரி கோயில் மண்டபத்தில் விருந்து நடந்தது. நீங்களும் இங்ஙனம் செய்யலாமே என்று விருந்தினர் கூறிய சொல் வால்பிரிட்டின் உள்ளத்திற் பதிந்தது. அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் அதே மண்டபத்தில் புதிய கழகம் தோன்றிற்று. மூன்று கோயில் வட்டாரங்களிலுள்ள ஏழைப் பிள்ளைகளின் உணவு மேசைக்குப் பொருளீட்டலே அதன் முதல் நோக்கம் என்று 1888 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையிற் பொறித்தனர்.

பெயர் குறித்து இங்கே ஒரு சொல். ஹைபர்னியா என்பது இலத்தீன் மொழியில் ஐர்லாந்தின் பெயர். கிளாஸ்கோக் கழகத்திற்கும் அதனையே இடவேண்டும் எனப் பலர் விரும்பினர். வால்பிரிட் உடன்படவில்லை. செல்டிக் என்பது ஐரிஷ் மக்களுக்கும் ஸ்காட்லாந்து மக்களுக்கும் பொதுவான பழங்குடியைக் குறிக்கும் சொல். குடியேறியவர், குடியிருந்தவர் ஆகிய இருவரையும் தழுவும் சொல்லை அவர் தேர்ந்தார். பெயரிடுவதை எளிய செயலாகக் கருதுவார் பலர். சொல்லாராய்ச்சியே தொழிலாக உடைய யான் அங்ஙனம் கருதேன்.

அம்மக்களே மண்வெட்டி எடுத்து, கூலியின்றி உழைத்து, ஆறு மாதத்தில் ஆட்டக்களம் அமைத்தனர். 1888 மே 28ஆம் நாள் முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் கழகத்தை 5க்கு 2 என வென்றனர். சில ஆண்டுகளில் நிலத்துக்கு உரியவர் ஆண்டு வாடகையை 50 பவுனிலிருந்து 450 பவுனாக உயர்த்தினார். மனந்தளராது அருகே நீர் தேங்கிக் கிடந்த செங்கற் சூளைப் பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்து, பல்லாயிரம் வண்டி மண் கொட்டி நிரவினர். 1892இல் ஐரிஷ் தேசபக்தர் மைக்கேல் டேவிட் ஐர்லாந்திலிருந்து வந்த புற்கரணை ஒன்றை அங்கே பதித்தார். அப்புல்லையும் எவனோ களவாடிச் சென்றான்! அவ்வாண்டிலேயே ஸ்காட்டிஷ் கோப்பையும் கைவந்தது.

இனிக் கசப்பான பகுதி. வெற்றிக்காக அவர்கள் செய்த முதற் காரியம், தமக்கு வழிகாட்டிய ஹைபர்னியன் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் பலரைத் தம்பால் இழுத்துக்கொண்டதாகும். வழிகாட்டிய கழகம் 1891இல் ஆட்டத்தையே நிறுத்தும் நிலைக்கு வந்தது. தம் இனத்தார்க்கே இழைத்த இக்கொடுமையைப் புகழ்மாலை பாடுவோர் விரைந்து கடந்துவிடுவர். எனக்கு அது மனம் ஒப்பவில்லை.

வால்பிரிட்டை அவர் சபையார் 1892இல் இலண்டனுக்கு மாற்றினர். அவர் சென்றபின் உணவு மேசைக்குச் செல்லும் பணம் சுருங்கிற்று. சம்பளம் பெற்று ஆடுதல் 1893இல் ஸ்காட்லாந்தில் சட்டமாயிற்று. நிர்வாகத்தில் மதுக்கடை நடத்துவோரும் வணிகரும் மிகுந்தனர். கழகத்தைப் பங்குக் கம்பெனி ஆக்குக என்றனர். அறத்தை மறந்தீரே என்று எளிய உறுப்பினர் பன்முறை மறுத்து நின்றனர். ஆயினும் 1897இல் கழகம் கம்பெனி ஆயிற்று. இலாபம் பங்குதாரர்க்குச் சென்றது. கூலியின்றி மண் சுமந்தவர், நுழைவுச் சீட்டுக்குக் காசு கொடுத்து வெளியே வரிசையில் நின்றனர். கம்பெனியான பின்னர் ஆட்டம் சிறந்தது என்பதும் உண்மை. 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறாண்டுகள் சங்கப் பந்தயத்தில் முதன்மை பெற்றனர். கோப்பையை எண்ணுவோர் இதனைப் பொற்காலம் என்பர். உணவு மேசையை எண்ணுவோர் யாது கூறுவர்?

இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஹைபர்னியன் கழகத்தார் தொடக்கத்திற் கத்தோலிக்கரையன்றிப் பிறரைச் சேர்த்திலர். வீழ்ந்து மீண்டும் எழுந்தபோது அவ்விதியை நீக்கினர். செல்டிக் கழகத்திலும் பிற மதத்தினர் தொகையை வரையறுக்க வேண்டும் என 1890களில் ஒரு பிரேரணை வந்தது, சபையார் தள்ளிவிட்டனர். மாறாக, எதிர்த்தரப்பாகிய ரேஞ்சர்ஸ் கத்தோலிக்கரைச் சேர்த்தல் நெடுங்காலம் இல்லாதிருந்தது; மாரிஸ் ஜான்ஸ்டன் என்னும் பெயர்பெற்ற ஆட்டக்காரரை 1989இற் சேர்த்தபோது நகரமே அதிர்ந்தது.

திறந்த வாயிலால் வந்தவருள் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும் ஒரு சமுதாயத்தார் 1891இல் தோற்றுவித்ததே. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா சங்கப் பந்தயத்தில் அது முதலிடம் பெற்றது. அதன் ஆட்டக்காரர் முகம்மது சலீம் 1936இல் கிளாஸ்கோ சென்றார். பாதரட்சையின்றித் துணிக்கட்டு மட்டும் சுற்றிய காலோடு செல்டிக் சார்பில் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அதனைக் காண மக்கள் வியந்து திரண்டனர். தமக்கென ஒதுக்க முன்வந்த வருவாய்ப் பங்கை அநாதைப் பிள்ளைகட்கு அளிக்குமாறு அவர் கூறினார் என்பர். பிறந்த ஊர் நினைவு மேலிட்டு, அங்கே தங்காது மீண்டார்.

ஜாக் ஸ்டீன் என்பவர் சுரங்கத் தொழிலாளி, புராட்டஸ்டண்டு குடும்பத்தினர். 1965இற் கழகத்தின் பயிற்சித் தலைமை அவர் கைக்கு வந்தது. அதற்குமுன் அப்பதவியில் கத்தோலிக்கர் அல்லாதார் இருந்ததில்லை. 1967 மே 25ஆம் நாள் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பைக்கான இறுதியாட்டம். எதிரே மிலான் நகரத்து இண்டர் கழகம், தற்காப்பிற் பெயர்பெற்றது. ஏழாம் நிமிடத்திலேயே தண்டனை உதையால் இண்டர் முந்திற்று. செல்டிக் சலியாது தாக்கிற்று. பிற்பகுதியில் ஜெம்மெல் ஒன்று, சாமர்ஸ் ஒன்று. 2க்கு 1 என வெற்றி. பிரிட்டிஷ் கழகம் ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அன்று ஆடிய பதினொருவரும் தம் ஆட்டக்களத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர். அவருட் சிலர் கத்தோலிக்கர் அல்லர். ஊர்ப்பிள்ளைகள் என்பதே அவர்க்கு ஒருமை தந்தது.

பின்னர், சில குடும்பங்களின் கைக்குள் தலைமுறை தலைமுறையாகச் சுருங்கிய நிர்வாகம், 1994இல் வங்கிக் கடனில் மூழ்கிற்று. கனடாவுக்குச் சென்று பொருளீட்டிய பெர்கஸ் மக்கான் என்பவர் மீண்டு வந்து கழகத்தை ஏற்றார். புதிய பங்குகளை எளிய ஆதரவாளர் முன் வைத்தார். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினர். அவர் காலத்தில் அறநிதி ஒன்றும் தோன்றிற்று. ஏறத்தாழ நூறாண்டுகள் மங்கிக்கிடந்த நோக்கம் மீண்டும் விதிமுறையாயிற்று. 2005இல் ஆட்டக்கள வாயிலில் வால்பிரிட்டுக்குச் சிலை எடுத்தனர். அவர் 1915இலேயே மறைந்துவிட்டார்.

நிற்க. நம் இளைஞர் விண்ணப்பத்தை யான் ஆதரிக்கிறேன். ஆயினும் இரண்டு திருத்தங்கள் வேண்டுகிறேன். ஒன்று: ஆட்டத்தால் வரும் வருவாயில் மாணவர் விடுதியின் அரிசிக்குரிய பங்கை முதலிற் பிரித்து, அதனைச் சங்க விதிகளிலேயே எழுதுதல் வேண்டும், உறுப்பினர் முழுக்கூட்டம் கூடினாலன்றி எந்த நிர்வாக சபையும் அதனை மாற்றலாகாது. மற்றொன்று: இவ்வூரில் நன்றாக ஆடும் எப்பிள்ளைக்கும் குழுவில் இடம் உண்டு என்று அவ்விதியின் அடுத்த வரியில் எழுதுதல் வேண்டும். இரண்டாவதில் சிலர்க்கு மனத்தாங்கல் உண்டாகும் என்பதை அறிவேன். அவர்கள் இங்கேயே, இன்றே, எழுந்து பேசுமாறு வேண்டிக்கொள்கிறேன். காரியதரிசி அவர்கள் இத்திருத்தங்களைக் குறித்துக்கொள்வாராக.