விடுபட்ட பதக்கத்துக்கு யார் பொறுப்பு?

தென் மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கும் பனவடலிசத்திரத்தையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். பட்டாளத்திலிருந்து திரும்பியவர் வீட்டில் பட்டாவோடும் பத்திரத்தோடும் சேர்த்துப் பத்திரப்படுத்திய ஒரு சிறு புத்தகம் இருக்கும். அதுதான் டிஸ்சார்ஜ் புக். படை எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்தைச் சான்று என்று போகிற அந்தப் புத்தகத்தில் பதக்கங்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1971 போரில் எல்லையில் நின்றவரின் புத்தகத்தில், அந்த இடத்தில் நீண்டகாலப் பணிக்கான பதக்கம் மட்டும் எழுதப்பட்டு, போருக்கான பதக்கம் இல்லாமல் போகலாம். அப்படி விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லி அந்த முதியவர் மனுப் போட வேண்டும், சாட்சியம் தேட வேண்டும், காத்திருக்க வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. இது தலைகீழான முறை என்பது என் கருத்து. ஏட்டை எழுதியது யாரோ, அதில் விடுபட்டதைத் தேடிச் சேர்க்கும் கடமையும் அவர்களுக்கே உரியது.

பதக்கங்களில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா பதக்கம் போன்றவை ஒருவருடைய தனிச் செயலுக்காகத் தரப்படுபவை. ஒருவர் பரிந்துரைக்க வேண்டும், மேலிடம் ஏற்க வேண்டும், அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். பரிந்துரையே இல்லாத வீரச்செயலுக்கு ஐம்பது ஆண்டு கழித்துப் பதக்கம் கொடு என்று நான் வாதாடவில்லை. நான் பேசுவது மற்ற வகையைப் பற்றி. 1965 போருக்குச் சமர் சேவா நட்சத்திரமும் ரக்ஷா பதக்கமும் உண்டு. 1971 போருக்குக் கிழக்கு முனையில் பூர்வி நட்சத்திரம், மேற்கு முனையில் பச்சிமி நட்சத்திரம், சங்கிராம் பதக்கம். சியாச்சின் பனியில் நின்றவர்களுக்கென்று ஒன்று, கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் நட்சத்திரமும் பதக்கமும், 2001 டிசம்பரில் தொடங்கிய படைக்குவிப்புக்கு ஆபரேஷன் பராக்ரம் பதக்கம். இவற்றுக்கெல்லாம் பரிந்துரை தேவையில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன காலம் பணியில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. இருந்தார் என்றால் பதக்கம் அவருடையது. யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல அது, நடந்துமுடிந்த ஓர் உண்மை.

அந்த உண்மை ஏட்டில் ஏறாமல் போவது எப்படி? ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதாவது லீவு, பதவி உயர்வு, திருமணம், காயம், பதக்கம் எல்லாவற்றையும், அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற பெயரில் வெளியிடும். அது ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், அவருடைய ஷீட் ரோல் என்கிற பணிப் பதிவேட்டில் ஏறும். டிஸ்சார்ஜ் புக் அதைப் பார்த்து எழுதப்படுவது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். போர் நடக்கும்போது யூனிட் ஊர் மாறிக்கொண்டே இருக்கும், ஆபீஸ் கோப்பு லாரியில் பின்னால் வரும். காயம்பட்டு ராணுவ மருத்துவமனைக்குப் போனவரையும், வேறொரு பிரிவோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டவரையும் சொந்த யூனிட்டின் பதக்கப் பட்டியல் எளிதில் தவறவிடும். இன்னொரு காரணம் பெரும்பாலோருக்குத் தெரியாதது. போர்ப் பதக்கங்கள் போர் முடிந்த பிறகுதான் நிறுவப்படுகின்றன, பட்டியல் தயாராகி வருவதற்குள் ஆள் வீட்டுக்கு வந்திருப்பார். நம் பெயர்களும் சேர்ந்து குழப்பும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதும் நம் வழக்கம் வடக்கே உள்ள எழுத்தருக்குப் புரியாது. ஒரே ஆள் இரண்டு தாளில் இரண்டு பெயராகிவிடுவார்.

இப்போது அந்த ஏடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர் என்றால் நீலகிரியில், வெலிங்டனில். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூர். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல் படைக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ, மின்னியல், இயந்திரப் பொறியியல் படையான இ.எம்.இ.க்கு செகந்திராபாத். பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் முதலில் தம் மாவட்டத்துக்கான முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து கடிதம் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். ஆதாரம் இருந்தால் அனுப்பவும் என்று பதில் வந்தால், எந்த ஆதாரத்தை அவர் காட்டுவார்? யூனிட் எங்கே நின்றது என்பதற்கான போர் நாட்குறிப்பு அவரிடம் இல்லை. பதக்கப் பட்டியல் அவரிடம் இல்லை. பார்ட் டூ ஆர்டரின் நகலை எந்தச் சிப்பாயும் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவதில்லை. மூன்றும் கேள்வி கேட்பவர்களிடமே இருக்கின்றன. பட்டாவில் கணினி தப்பாகப் பெயர் ஏற்றியதற்கு நிலத்துக்காரர் தாலுகா ஆபீசுக்கு அலைவதை நாம் அறிவோம். அங்கேயாவது அவர் கையில் மூலப் பத்திரம் இருக்கும்.

வேறு நாட்டில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் பணிக்கோப்புகள் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்குக் குறையாத கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு போயிற்று. நகலும் இல்லை, அட்டவணையும் இல்லை. கோப்பு எரிந்துவிட்டது, ஆகவே ஒன்றும் செய்வதற்கில்லை என்று அந்த அலுவலகம் கதவைச் சாத்தவில்லை. கடைசிச் சம்பளச் சீட்டு, யூனிட்டின் அன்றாட வருகை அறிக்கை, மருத்துவமனைப் பதிவு என்று வேறு வேறு இடங்களில் கிடந்த தாள்களைக் கொண்டு ஒவ்வொருவரின் பணியையும் திரும்பக் கட்டியெழுப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஏடு எரிந்துபோன இடத்திலேயே இது முடியும் என்றால், ஏடு அலமாரியில் பத்திரமாக இருக்கும் இடத்தில் முடியாது என்பதை எப்படி ஏற்பது? அதிலும் போர்ப் பதக்கம் தனியாளின் கதை அல்ல. ஒரு பட்டாலியன் இன்ன தேதியில் இன்ன முனையில் இருந்தது என்று ஒருமுறை உறுதியானால், அன்று அதன் பலப் பட்டியலில், அதாவது பணியில் இருந்தோர் பட்டியலில், இருந்த அத்தனை பேருக்கும் கேள்வி ஒரே நேரத்தில் தீரும். தனித்தனி மனுவாக வாங்கி, தனித்தனியாகப் பதில் எழுதுவதுதான் வேலைப்பளுவைக் கூட்டுகிறது. ஆள் பற்றாக்குறை என்ற மறுப்புக்கு இதுவே என் பதில்.

ஒரு வெள்ளி வட்டுக்கும் ரிப்பனுக்கும் இவ்வளவு பேச்சா, பென்ஷன் வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பணத்திலேயே தொடங்குவோம். எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்குப் பராக்ரம் பதக்கம் என்ற வேறொன்று உண்டு. அது விடுபட்டிருந்தால் பெரும்பாலும் காயமே போர்க் காயமாகப் பதிவாகாமல் விட்டிருக்கும். போர்க் காய ஓய்வூதியம் சாதாரண ஊன ஓய்வூதியத்தைவிடக் கூடுதல். ஆக ஒரு வரி விடுபட்டதால் ஒருவர் ஆயுள் முழுக்கக் குறைந்த தொகை வாங்கியிருக்கக்கூடும். வீரப் பதக்கங்களுக்கு மத்திய அரசு மாதந்தோறும் பணப்படி தருகிறது, 2017இல் அது இரட்டிப்பாக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான கல்வி ஒதுக்கீட்டில் வீரப் பதக்கம் பெற்றவர் பிள்ளைக்கு முன்னுரிமை வரிசையில் மேலே இடம். பணமே வராத போர்ப் பதக்கத்துக்கு வருவோம். நம் நாட்டுப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறித்துத் தருவது வழக்கம். கண்டோன்மெண்ட் கடைகளில் அதே உருவத்தில் பதக்கம் விலைக்குக் கிடைக்கிறது. அரசு தரத் தாமதமானதால் வாங்கி அணிந்தவர்களும் உண்டு. அந்தப் பதக்கத்தைத் திருப்பி விளிம்பைப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கு அதைக் குத்திக்கொண்டு போகிறவர் செய்த பணி உண்மை, பதக்கம் மட்டும் அவர் பெயரில் இல்லை. அவருக்கு இதில் அக்கறை இருக்கிறது என்றால் அது அற்பம் என்று சொல்ல மற்றவர்களுக்கு உரிமை இல்லை.

நாற்பது, ஐம்பது ஆண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்பது என்ன நியாயம் என்பது அடுத்த கேள்வி. சட்டமே இதற்கு வழி காட்டியிருக்கிறது. தர்சேம் சிங் என்ற படைவீரர் 1983இல் மருத்துவக் காரணத்தால் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டு, 1999இல்தான் ஊன ஓய்வூதியம் கேட்டு உயர்நீதிமன்றம் போனார். 2008இல் உச்ச நீதிமன்றம், தாமதத்துக்காக நிலுவைத் தொகையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று குறைத்ததே தவிர, உரிமையை மறுக்கவில்லை. அந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்தது. தாமதமான கோரிக்கை மூன்றாம் மனிதரின் உரிமையைக் குலைக்குமா, பதவி மூப்பைப் போல முடிந்த கணக்கைத் திறக்குமா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு 1971இன் பதக்கத்தைச் சேர்த்தால் யாருடைய மூப்பு குறையும்? எவருக்கும் எதுவும் போகாது. பிரிட்டன் 1940களில் ஆர்க்டிக் கடல் வழியாகச் சோவியத் நாட்டுக்குச் சரக்குக் கப்பல்களைக் காத்துச் சென்றவர்களுக்குத் தனிப் பதக்கம் தர நீண்ட காலம் மறுத்தது. 2012இல் சர் ஜான் ஹோம்ஸ் நடத்திய மறுஆய்வுக்குப் பிறகு 2013இல் ஆர்க்டிக் நட்சத்திரத்தை வழங்கியது. அந்த முடிவு எழுபது ஆண்டு தாமதமானது. அதனால் அந்நாட்டின் பதக்க முறை ஒன்றும் சரிந்துவிடவில்லை.

மோசடி பற்றிய அச்சம் நியாயமானது, அதைத் தள்ளிவிடக் கூடாது. பொய்ப் பதக்கம் மெய்ப் பதக்கத்தை மலிவாக்கும். ஆனால் மோசடி நுழையும் வழி எது என்று பார்த்தால், மனுதாரர் கொண்டுவரும் காகிதம்தான். சாட்சிக் கடிதம், பழைய நகல், யாரோ போட்ட முத்திரை இவற்றை நம்பித் திருத்தும் முறையில் ஏமாற்ற இடம் அதிகம். ரெக்கார்ட் ஆபீஸ் தன்னிடமுள்ள பட்டியலையும் போர் நாட்குறிப்பையும் ஒப்பிட்டுத் தானே திருத்தினால் பொய்யருக்கு வேலையே இல்லை. ஏடு என்றால் அதில் இருப்பதே உண்மை என்று அடம்பிடிப்பதும் செல்லாது. 1999இல் கார்கில் போரின்போது படாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தம் பங்கைக் குறைத்து மேலிடம் எழுதியதாகப் புகார் சொன்னார். 2010 மே மாதம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நியாயம் இருப்பதை ஏற்று, அவரைப் பற்றிய மதிப்பீட்டை நீக்கவும் போரின் அதிகாரபூர்வப் பதிவைத் திருத்தவும் சொன்னது. பிரிகேடியர் ஒருவருக்கே பதினோரு ஆண்டும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன என்றால், நாயக் பதவியில் விலகி ஊரில் உழவு பார்க்கிறவரைச் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வது வெறும் பேச்சு.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது காலக்கெடு. ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். 1965இல் சேர்ந்து, 1971இல் போரிட்டு, ஒன்பது பத்து ஆண்டில் 1975 வாக்கில் வீடு திரும்பியவரை எண்ணிப்பாருங்கள். பென்ஷன் இல்லை. 2000ஆம் ஆண்டோடு அவர் ஷீட் ரோலைக் காக்கும் கடமையும் தீர்ந்துபோகிறது. பெயரும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் உள்ள லாங் ரோல் என்ற நீளப் பதிவேடுதான் மிஞ்சும். நாட்டிடமிருந்து மிகக் குறைவாகப் பெற்றவரின் கோப்புதான் முதலில் அழிகிறது. இடத்தட்டுப்பாடு காரணமாகச் சொல்லப்படலாம். தாளை அடுக்கிவைக்க அறை தேவைப்பட்ட காலத்துக் காரணம் அது. இன்று ஒரு ஷீட் ரோலைப் படம்பிடித்து வைக்க இடம் ஒரு பொருட்டே அல்ல.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்கள் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். பெயரும் பிறந்த தேதியும் வங்கிக் கணக்கும் ஆள் ஆளாகச் சரிபார்க்கப்பட்டன. அதே உழைப்பைப் பதக்கக் கட்டத்துக்கும் காட்டலாம். ஒவ்வொரு ரெக்கார்ட் ஆபீசும் ஒவ்வொரு போருக்கும் தன் பதக்கப் பட்டியலையும் அன்றைய பலப் பட்டியலையும் ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களை மாவட்டவாரியாக நல அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது ஊராட்சி அறிவிப்புப் பலகை வரை வரட்டும். அதுவரை எந்தக் கோப்பையும் அழிக்கக் கூடாது.

அந்த முறை வரும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள படை எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, படைவீரர் தம் ஷீட் ரோலின் நகலையும் பதக்கம் பற்றிய பார்ட் டூ ஆர்டர்களின் நகலையும் அந்தந்த ரெக்கார்ட் ஆபீசில் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பதக்கம் கொடுங்கள் என்று முதலிலேயே கேட்க வேண்டாம், ஏட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இருந்து புத்தகத்தில் இல்லை என்றால் பாதி வேலை முடிந்தது. கோப்பு அழிக்கப்பட்டது என்று பதில் வந்தால், எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், லாங் ரோலின் நகலையும் கேளுங்கள். படைவீரர் காலமாகிவிட்டால் அவர் மனைவி, மனைவியும் இல்லையென்றால் பிள்ளைகள் உறவுச் சான்றை இணைத்து இதே விண்ணப்பத்தை அனுப்பலாம். ஆங்கிலத்தில் எழுத வராதவர்களுக்கு எழுதித் தர மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.