ஏரிக்கரையில் கேட்ட கேள்வி



மானசரோவரம், பம்பை என்று புராண ஏரிகளைப் புண்ணியத்துக்காகப் பேசுவார்கள். நான் பேசப்போவது பேர்கூட இல்லாத ஓர் ஏரியை. கம்பர் பாடாமல் விட்ட உத்தரகாண்டத்தில் அது இருக்கிறது. சைவல மலைக்கு வடபக்கம், பெரிய ஏரி. கரையில் ஒருவன் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறான்.

அயோத்தியில் ஒரு பார்ப்பனச் சிறுவன் செத்துப்போகிறான். தவம் செய்யக்கூடாத சூத்திரன் எங்கோ தவம் செய்வதுதான் காரணம் என்கிறார் நாரதர். ராமன் தேடிப் புறப்படுகிறான். மேற்கே, வடக்கே, கிழக்கே எங்கும் குற்றமில்லையாம். தெற்கே வந்தால்தான் குற்றம் அகப்படுகிறது!

நீ எந்த வருணம்? இதுதான் கேள்வி. சம்பூகன் பொய் சொல்லவில்லை, சூத்திரன் என்கிறான். பேசி வாய் மூடுமுன் தலை விழுகிறது. தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். 1936இல், பேச விடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் பாபாசாகேப் இதை எடுத்துக்காட்டினார்: ராமனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது.

கதை கதையோடு போகவில்லை. 1927 மார்ச் 20இல் மகாடு சவுதார் குளத்தில் பாபாசாகேப்போடு நம் மக்கள் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அடி விழுந்தது. பிறகு சாணம், மூத்திரம், பால், தயிர் என்று 108 குடம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். உரிமையை பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆனது.

நம்ம பாலாற்றைப் பாருங்கள். தோல் கழிவு கலந்து கிணறெல்லாம் உப்புக் கரித்தது. மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்கணும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஆற்றுக்குத் தீட்டுக் கழிக்க எவனும் ஒரு குடம் தூக்கி வரவில்லையே, ஏன்? நாம் ஒரு கை அள்ளினால் தீட்டு. குரோமியம் கலந்தால் தொழில். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற என் அப்பாவின் கால்தான் அவர்களுக்கு அசுத்தம்.

நான் பேங்கில் கிளார்க். கவுண்டரில் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்: "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" ராமன் கேட்டதும் இதைத்தானே! பல வருஷம் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று சொல்லி நழுவினேன். சம்பூகனைப் படித்த அன்று வெட்கமாகிவிட்டது. தலைகீழாகத் தொங்கியவன் நேராகப் பதில் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் பொய் சொல்கிறேன்.

இப்போது "சேரி" என்கிறேன். சில பேர் அடுத்த கவுண்டருக்குப் போகிறார்கள். போகட்டும்.

மாணவத் தோழர்களே, உங்களையும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். சம்பூகனுக்குக் கிடைக்காத அவகாசம் நமக்கு இருக்கிறது. சொல்லிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள்: "எதுக்குக் கேக்குறீங்க?"