நீர்க்காகம் நின்ற இடம்

கோவை சிங்காநல்லூர் குளக்கரை. காலை நடைக்கு வந்த பெரியவர் வேகவேகமாக நடக்கிறார். கூட வந்த பேத்தி சட்டென்று நின்றுவிட்டாள்.

“அப்புச்சி, அந்தக் கறுப்புப் பறவை ஏனுங்க றெக்கையை விரிச்சுட்டே நிக்குது?”

அவரும் நின்றார். தினமும் வருகிற இடம்தான், இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அது நீர்க்காகம். அதன் இறகு தண்ணீரில் எளிதில் நனையும். நனைந்த கனம், மூழ்கி மீன் பிடிக்க உதவும். மேலே வந்ததும் இறக்கையை விரித்துக் காயவைக்க வேண்டும். அதுவரை அதற்கு அவசரமே கிடையாது.

நின்று பார்ப்பது ஒரு வாழ்க்கையையே மாற்றும். பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். கையில் எடுத்துப் பார்த்தால், கழுத்தில் மஞ்சள் நிறம்! ‘இது என்ன குருவி?’ என்ற கேள்வியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். சுட்ட கை, பிறகு வாழ்நாளெல்லாம் பறவைகளைப் பற்றி எழுதியது. அவர் பெயரில் 1990-இல் தொடங்கிய ஆய்வு மையம் நம்ம கோவை ஆனைகட்டியில்தான் இருக்கிறது.

நாளைக் காலையில் பத்து நிமிஷம், செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். குளமோ, தோட்டமோ, வாசல் வேப்பமரமோ போதும். ஒரே ஒரு உயிரைப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்க்கப் பார்க்க மூச்சு நிதானமாகும். நேற்றைய கவலையும் நாளைய கணக்கும் கொஞ்சம் விலகி நிற்கும்.

நீர்க்காகம் இறக்கையைக் காயவைக்கிறது. நாம் மனதைக் காயவைப்போம்.