குற்றநீதிப் பட்டமும் கல்விக் கடனும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குடியேறி வாழும் நம் குடும்பத்தார் தம் மக்களின் மேற்படிப்பைக் குறித்து நம் சங்கத்தை ஆலோசனை கேட்பது சில வருஷங்களாக வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு கேட்கப்படும் படிப்புகளுள் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என வழங்கும் குற்றநீதிப் பட்டமும் ஒன்று. போலீஸ், நியாயஸ்தலம், சிறைச்சாலை ஆகிய மூன்றும் நடைபெறும் முறையை அது கற்பிக்கின்றது. வக்கீல் தொழிலுக்குரிய சட்டப் பட்டம் வேறு, இது வேறு. பெயரால் மயங்குதல் எளிதாகையால் இதனை முதற்கண் சொல்லி வைக்கின்றோம்.

படிப்பு நல்லதா என்பதன்று நம் வினா. நல்லதே. அப்பட்டம் கொண்டுவரும் சம்பளம் அதற்கென வாங்கும் கடனைத் தாங்குமா என்பதே வினா.

இப்படிப்பு பெருகிய வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1968ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார் குற்றத் தடுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, போலீஸ் வேலைக்குப் படிக்கும் மாணவர்க்குக் கடன் கொடுத்தது. படித்து முடித்து அவ்வேலையில் அமர்ந்தவர்க்கு, ஊழியம் செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் நாலில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. நான்கு வருஷத்தில் கடனே இல்லை! கலாசாலைகள் தோறும் இப்படிப்பு தோன்றியதில் வியப்பென்ன? பின்னர் அத்திட்டம் நின்றுபோயிற்று, படிப்பு நிற்கவில்லை. கட்டணமும் நிற்கவில்லை, ஏறிற்று. தள்ளுபடியாகும் கடன் போய், வட்டியோடு திருப்பிக் கட்டும் கடன் வந்தது.

இனி உத்தியோகங்களைப் பார்ப்போம். அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிவர இலாகா 2023ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கின்படி, போலீஸ்காரரும் துப்பறிவோரும் பெறும் நடுத்தர ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 75,000 டாலர். நன்னடத்தைக் கண்காணிப்பு உத்தியோகஸ்தருக்கு 62,000. சிறைக் காவலருக்கு 53,000. தனியார் காவற்காரருக்கு 37,000. இவை வேலையில் முதிர்ந்தவர்களையும் சேர்த்த நடுத்தரத் தொகைகள். புதிதாய்ச் சேரும் பிள்ளைக்கு இவ்வளவு கிடைக்குமென்று நம்பிவிடலாகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்நான்கனுள் பொதுவாகக் கலாசாலைப் பட்டத்தைக் கேட்பது கண்காணிப்பு உத்தியோகம் ஒன்றே. போலீஸ் வேலைக்குப் பல ஊர்களில் உயர்தரப் பள்ளித் தேர்ச்சியே போதுமானது. நியூயார்க் நகரப் போலீஸ் இலாகா தான் கேட்டுவந்த 60 கலாசாலைப் பாட அலகுகளை 2025 பிப்ரவரியில் 24 ஆகக் குறைத்துவிட்டது. ஆகவே, பட்டமில்லாமலே திறக்கும் கதவைத் திறக்கப் பெருங்கடன் வாங்குவது எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

வட்டிக் கணக்குப் போட்டுப் பழகிய பெரியோர் இச்சபையிற் பலர் இருக்கின்றார்கள். அவர்களைச் சாட்சியாக வைத்து ஒரு கணக்குப் போடுவோம். கல்விக் கடனுக்காக ஆண்டுதோறும் கட்டும் தொகை ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படலாகாது என்பது, அந்நாட்டுக் கல்வி இலாகா 2014இல் வகுத்து, 2019இல் நீக்கி, 2023இல் திரும்பவும் வெளியிட்ட விதிகளிற் காணும் ஓர் அளவு. சர்க்காரின் மனம் மாறினும் அளவு நல்ல அளவே. 75,000 டாலர் கடனை நூற்றுக்கு 6 வட்டியில் பத்து வருஷத்தில் தீர்ப்பதாயின், மாதம் 833 டாலர், ஆண்டுக்குப் பதினாயிரம் கட்ட வேண்டும். அது 8 பங்குக்குள் அடங்க வேண்டுமானால் ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் ஆதல் வேண்டும். மேற்சொன்ன உத்தியோகங்களில் எதன் நடுத்தரச் சம்பளம் அதை எட்டுகின்றது? கடன் 13,000 டாலராயின் மாதம் 144. 22,000 டாலர் சம்பாதிப்பவனும் கட்டிவிடுவான்.

இவ்விரு தொகைகளையும் நாம் கற்பனையாக எடுத்துக்கொள்ளவில்லை. இல்லினாய் மாகாணத்து அட்டர்னி ஜெனரல் 2012இல் வெஸ்ட்வுட் கலாசாலையின்மீது தொடுத்த வழக்கில், அங்கே குற்றநீதிப் பட்டத்துக்கு ஏறத்தாழ 75,000 டாலர் செலவாகின்றதென்றும், அதே பிரதேசத்திலுள்ள டுபேஜ் பொதுக் கலாசாலையில் 13,000க்கும் குறைவென்றும் எடுத்துக்காட்டினார். அதனினும் கொடியது வேறொன்று. வெஸ்ட்வுட் பெற்றிருந்த அங்கீகாரத்தைச் சிக்காகோ போலீஸ் இலாகாவும் இல்லினாய் மாகாணப் போலீஸாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. போலீஸாகலாம் என்று நம்பிக் கடன்பட்ட பிள்ளைகள், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறைந்த சம்பளக் காவல் வேலைக்கு அலைந்தார்கள். அக்கலாசாலை 2016இல் மூடப்பட்டது. சர்க்கார் அதன் மாணவர் 79,000 பேருடைய 150 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது 2022 ஆகஸ்டில். இடையே சென்ற வருஷங்களை யார் தள்ளுபடி செய்வார்?

மின்னசோட்டா மாகாணத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே குளோப் சர்வகலாசாலையும் அதன் துணைப் பள்ளியும் தம் குற்றநீதிப் படிப்பைக் குறித்து மாணவரை ஏமாற்றின என்று 2016இல் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அம்மாகாணப் போலீஸ் உரிமத்துக்கு அப்படிப்பு உதவாததாயிருந்தது.

ஆதலால் பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய இடம் கலாசாலையின் சேர்க்கை ஆபீஸ் அன்று. பிள்ளை எந்த ஊர்ப் போலீஸில், எந்தச் சிறை இலாகாவிற் சேர விரும்புகின்றானோ அவ்விலாகாவினிடமே, “இக்கலாசாலையின் பட்டத்தை ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும். ஒவ்வொரு கலாசாலையிலும் பாடவாரியாகக் கடனும் சம்பளமும் எவ்வளவென்று காட்டும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்னும் பட்டியலைக் கல்வி இலாகா காசின்றிக் கொடுக்கின்றது. அதனையும் பார்த்துக்கொள்க.

கடன் வாங்கியே தீர வேண்டுமாயின் சர்க்கார் கடனுக்கும் தனியார் கடனுக்கும் உள்ள பேதம் பெரிது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, போலீஸ், சிறை முதலிய பொது ஊழியத்தில் முழுநேரமாக இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவர்க்கு, சர்க்காரின் நேர்கடனில் எஞ்சிய பாக்கி மன்னிக்கப்படும். தனியார் கடனுக்கு இச்சலுகை இல்லை. தனியார் கம்பெனியில் காவல் வேலை பார்த்த வருஷங்களும் இக்கணக்கிற் சேரா.

இங்கிருந்து மாணவர் விசாவிற் செல்ல எண்ணுவோர்க்கும் ஒரு வார்த்தை. அவர்களுக்குச் சர்க்கார் கடன் கிடையாது. எப்.பி.ஐ. முதலிய மத்திய இலாகாக்களின் துப்பறியும் உத்தியோகங்களுக்கு அமெரிக்கப் பிரஜையாக இருத்தல் வேண்டும். அந்த எப்.பி.ஐ.யும் தன் ஏஜெண்டுகளிடம் ஒரு பட்டத்தைக் கேட்கின்றதேயன்றி, அது குற்றநீதியிலேயே இருக்க வேண்டுமென்று கேட்பதில்லை. கணக்கியல், கணினி, பிறமொழி ஆகியவற்றில் தேர்ந்தவரையும் அது விரும்பிச் சேர்த்துக்கொள்கின்றது.