குளத்தை மூடவில்லை
(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளிக்குப் பின்புறம் ஒன்றரை ஏக்கர் நிலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. இன்று அங்கே ஒரு சிறு காடும் ஒரு குளமும் இருக்கின்றன. அதை உருவாக்கிய பெருமையைவிட, நாங்கள் எங்கே தவறினோம் என்று சொன்னால் உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

முதல் தவறு என்னுடையது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் 100 கன்றுகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாக நட்டேன். அடுத்த கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. 11 கன்றுகள்தான் பிழைத்தன.

மறுமுறை ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டோம். வரிசை பார்க்கவில்லை. வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை. அவற்றின் இடையே நொச்சி, ஆவாரை, கறிவேப்பிலை. விழுந்த சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே விட்டோம். மண்ணில் ஈரம் தங்கியது.

நிலத்தின் தாழ்வான மூலையில், மழைநீர் தானாக வந்து சேரும் இடத்தில், முழங்கால் ஆழத்துக்குக் குளம் வெட்டினோம். அடியில் களிமண் பரப்பி மிதித்து இறுக்கினோம். கரையைச் சரிவாக விட்டோம். தவளையும் ஏறலாம், தவறி இறங்கிய பிள்ளையும் ஏறலாம். சுற்றிலும் மூங்கில் வேலி. ஆசிரியர் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

அந்த ஆண்டு ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "சார், மொதல்ல அந்தக் குளத்த மூடுங்க" என்றார்கள் பெற்றோர். அவர்கள் பயம் நியாயமானது. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

சுகாதார ஆய்வாளர் உடனிருக்க, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைக் கிண்ணத்தில் நீரை மொண்டு பார்த்தார்கள். குளத்தில் பத்து இடங்களில் எடுத்த நீரில் தட்டானின் இளம்பூச்சிகள் இருந்தன. வாய்க்காலில் பிடித்துவிட்ட கெண்டைக் குஞ்சுகள் இருந்தன. இரண்டுமே கொசுப்புழுவைத் தின்பவை. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. பிறகு வளாகம் முழுவதும் தேடினார்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் திறந்து கிடந்த டிரம்மில் இருந்தது. பழைய டயரில் இருந்தது. என் மேசைமேல் இருந்த பூஞ்சாடியிலும் இருந்தது!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு மாணவி அட்டவணையை வாசித்தாள். டிரம்முக்கு மூடி வந்தது. குளம் தப்பியது. சிலருக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. ஆகவே, வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் எண்ணிப் பலகையில் எழுதுகிறார்கள். புழு தென்பட்டால் அதையும் மறைக்காமல் எழுதுகிறார்கள். நான் நடத்திய எந்த அறிவியல் பாடமும் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததில்லை.

உங்கள் பள்ளியில் ஒன்றரை ஏக்கர் இல்லாமல் இருக்கலாம். வேலியோரம் தானாக முளைக்கும் ஓர் எருக்கஞ்செடியை மட்டும் வெட்டாமல் விடுங்கள். அதன் பால் கண்ணில் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதன் இலையில் முட்டையிட வரும். அன்றைக்கு அங்கேயே வகுப்பை நடத்துங்கள்.